இந்தத் தடவை நடிக்கலை டீச்சர்

செவ்வாய். காலையிலேயே வெயில்.

நடிக்கலை டீச்சர். மாதா சத்தியமா நடிக்கலை. நீதான் பாதியில இறங்கிப் போயிட்டியே, இனி இந்த நோட்டுகிட்டத்தான் சொல்லணும்.

சோழவந்தானுக்குள் நுழைகிற இடத்தில் வேகத்தடை. ஏறி இறங்கியதும் வண்டி அணைந்துவிட்டது. ஸ்டீயரிங் கல் மாதிரி. பிரேக்கை ரெண்டு காலாலும் மிதித்தேன். பின்னால் வைக்கோல் லாரி, ஒரு முழம் தள்ளி நின்றது. 

டீச்சர், அதான் என் பெண்டாட்டி, கதவைத் திறந்து இறங்கினாள். "எங்க அக்கா வீடு வந்தா மட்டும் உங்க வண்டிக்கு மூச்சு முட்டிருமே. நடத்துங்க." ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். அவள் போனதும் சாவியைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட். திரும்பிப் பார்த்திருப்பாள்.

என் தப்பும் உண்டு. இதுவரை பொய்யாக நிறுத்தியது:
அக்கா வீட்டுக்கு முன்னால், மூணு தடவை.
ஜவுளிக்கடைக்கு ஒரு தெரு முன்னால், ஒரு தடவை.
பரோட்டாக்கடை எதிரே, கணக்கில்லை.
சத்தமில்லாமல் சாவியைத் திருப்பிவிட்டு "அடடா" என்பேன். நம்பினாள் என்றே நினைத்திருந்தேன்.

சாயங்காலம் அக்கா வீட்டிலிருந்து டீச்சர் போன். திங்கட்கிழமை தன் கண் ஆபரேஷனுக்கு ஆட்டோவில் போகிறாளாம், என் வண்டி வேண்டாமாம். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். சைக்கிளிலேகூட.

புதன். மேகம். மழை இல்லை.

பழங்காநத்தத்தில் மெக்கானிக் பாண்டி பட்டறை. சாவிக்கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். வீட்டுச் சாவியெல்லாம் இவனுக்கு எதற்கு? பைபாஸ் வரை ஓட்டிவிட்டு வந்தான்.

"பெருசு, வண்டி சும்மா குதிரையாட்டம் ஓடுது. உமக்குத்தான் சர்வீஸ் பண்ணணும்."

பட்டறையே சிரித்தது. நானும். சாவியைக் கொத்தில் மாட்டிக் கிளம்பினேன். முதல் மேட்டிலேயே நின்றது. என்னிடம் மட்டும்தான் நிற்கிறது. என்மேல் அதற்கு என்ன கோபம்?

டீச்சர் அவனுக்குப் போன் போட்டாளாம். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டான், பாவி.

வெள்ளி.

பாண்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். வேகத்தடை. நின்றது. அவன் முகம் வெளிறியதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். குனிந்து பார்த்தான்.

"யோவ் பெருசு, என்னய்யா இது, சர்ச் மணியாட்டம் தொங்குது?"

என் சாவிக்கொத்துதான். கேட், வாசல், மோட்டார் ரூம், பீரோ, எப்போதோ விற்ற மொபெட், நான் அட்டெண்டராக இருந்த பள்ளிக்கூடத்து ஹால். பூட்டே இல்லாத சாவி நாலு.

"இம்புட்டு கனம் குலுங்குனா சாவி தானா திரும்பி வண்டி அணைஞ்சிரும். உள்ள சுவிட்ச்சும் தேஞ்சு கெடக்கு. என்ன, சாவிய வச்சு விளையாண்டீகளா?"

சுவிட்ச் என்ன விலை என்று கேட்டேன். புது சுவிட்ச் மாட்டினான். இனிமேல் ஒத்தைச் சாவி.

ஞாயிறு.

அக்கா வீட்டிலிருந்து டீச்சர் திரும்பிவிட்டாள். பூசை முடிந்து வந்ததும் அவளிடம் சொன்னேன்.

"சாவி கனத்துல கார் நின்னுச்சா? இதுக்கு அந்தப் பழைய அடடாவே தேவலையே."

எல்லாம் தெரிந்திருக்கிறது அவளுக்கு.

கொத்தைக் கையில் கொடுத்து, நீயே தூக்கிப் பார் என்றேன். தூக்கினாள். ஒரு சின்னச் சாவியைத் தனியாகப் பிரித்தாள். அதிரசம் வைத்துப் பூட்டுகிற அலமாரிச் சாவி. எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்டரிலிருந்து அவள் வீட்டையே புரட்டித் தேடிய சாவி அது. நான் எடுத்துக் கொத்தில் மாட்டியதை மறந்தே போனேன்.

"இது எப்பிடிங்க இங்க வந்துச்சு?"

"அடடா..."

வாய் தவறி வந்துவிட்டது.

திங்கள். வெயில் ஏறவில்லை.

ஆறு மணிக்கே ஆட்டோ. கொத்து அவள் இடுப்பில். கார் சாவி ஒத்தையாக என் கையில். படி இறங்கும்போது தடுமாறினாள், பார்வை சரியில்லை. பிடிக்கப் போனேன். கையை உதறினாள்.

"டீச்சர், தெருமுனை மேடு வரைக்கும் மட்டும் ஏறி வா. நின்னா நீ இறங்கிப் போ, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா நிக்காம ஓடுச்சுன்னா..."

இடுப்பில் கொத்து கிணுகிணுக்க, வாசல் கேட்டைத் தாண்டி ஆட்டோவுக்குப் போய்விட்டாள்.