செவ்வாய்க்கிழமை வாளி

அன்பே,

கன்னம் இன்னும் எரிகிறதா? உன் அண்ணன்கள் பார்க்க அறைந்துவிட்டேன். "இவ பொண்ணா, பேயாடா?" என்று உன் அம்மா கேட்டதும் காதில் விழுந்தது.

ஈஸ்டர் திங்களன்று பெண்கள்மேல் ஆண்கள் தண்ணீர் ஊற்றுவது நம் ஊர் வழக்கம்தான். இன்று நீயும் ஆசையாகத்தான் என் தலையில் வாளியைக் கவிழ்த்தாய். ஆனால் முதலில் பாட்டுச் சொல்லி, "ஊத்தலாமா?" என்று கேட்க வேண்டும், இல்லையா? சிரிப்பில் மறந்துவிட்டாய்.

பள்ளியில் பொட்டொண்ட் என்று ஒருவன் இருந்தான். அவனும் கேட்கவில்லை. "இந்தக் குண்டச்சிக்கு ஒரு வாளி எப்படிடா பத்தும்?" என்று சொல்லி, கூட்டாளிகளோடு என்னை மாட்டுத் தொட்டிக்கு இழுத்துப் போனான். தண்ணீருக்குள் என் தலையை எவ்வளவு நேரம் அழுத்தி... வேண்டாம், அதை விடு. "வழக்கம்தானேடி, இதுக்குப் போய் அழுவாங்களா?" என்றாள் என் அம்மா. அதற்குப் பிறகு என் தலையைத் தொட யாரையும் விட்டதில்லை, உன்னைத் தவிர.

அந்தக் கோபத்தில் என்னை விட்டுவிட்டுப் புடாபெஸ்ட் ரயிலில் ஏறிவிடாதே. உன் காலில் விழுகிறேன், ஏறிவிடாதே.

நாளை செவ்வாய், பெண்கள் திருப்பி ஊற்றும் நாள். விடிந்ததும் வாளியோடு உன் வாசலில் நிற்பேன். "ஊத்தலாமா?" என்று கேட்பேன். நீ வேண்டாம் என்றால், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் திரும்பிவிடுவேன்.

இன்னும் தலை துவட்டாத,
உன்னவள்