தேன் படகில் போன அப்பா

பெரும்பாவூரில் வேலை பார்க்கும் பரிமல் அண்ணாவுக்கு, சாத்ஜேலியாத் தீவிலிருந்து ஷெஃபாலி வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன்.

போனில் சொல்ல முடியவில்லை, அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அப்பா கண்ணைக் காட்ட கேனிங் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னோமே, அது அவர் எங்களிடம் சொன்ன பொய். தேனெடுக்கக் காட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆன மனிதர்! கலீல் சாச்சாவின் படகில் அவரைப் பார்த்ததாக ஒரு மீன்காரர் நேற்று வந்து சொன்னார்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆண்கள் காட்டில் இருக்கும்போது வீட்டில் எதெல்லாம் கூடாதோ, அத்தனையும் செய்திருக்கிறாள். மிளகாய் வறுத்தாள், சோப்புப் போட்டுத் துவைத்தாள், வகிட்டில் குங்குமம் வைத்துக் கல்யாணத்துக்குப் போனாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதெல்லாம் செய்வேனா, பாவி மனுஷா" என்று அழுகிறாள். இப்போது குங்குமத்தை அழித்து, சங்கு வளையலைக் கழற்றிவிட்டாள். அவர் திரும்பும்வரை விதவைக் கோலம்தான். நாம் சிறுவயதிலிருந்து பார்த்ததுதான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பதும் உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வெறும் நெற்றியைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அடுத்த மாதம் ஊர் மன்றத்தில் அப்பாவுக்குச் சால்வை போர்த்துகிறார்கள். அவர் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். புயலில் கரை உடைந்து வயலெல்லாம் உப்பான மறுநாளே அவர் மண் சுமக்கப் போனதை எழுதினேன். புலி தோளைக் கவ்வியதையும், கலீல் சாச்சா தடியால் அடித்து மீட்டதையும் எழுதினேன். "என் ருசி புலிக்குப் பிடிக்கல, துப்பிருச்சு" என்பாரே, "கட்டினவளுக்கே பிடிக்கல" என்று அம்மா சொல்வாளே, அதையும் எழுதினேன். படித்துப் பார்த்தால் செத்தவருக்கு எழுதியது போல இருந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஏன் போனார் என்று கேட்பாய். சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். போன மாதம் கலீல் சாச்சா வந்து, "ஒரு ஆள் குறையுது, பரிமலை வரச் சொல்லு, ஒரு தடவைதானே" என்றார். "அவன்கிட்ட கேக்கவே கேக்காத" என்று அப்பா சொல்லிவிட்டார். உயிரைக் காப்பாற்றியவரை வெறுங்கையோடு அனுப்பவும் அவரால் முடிந்திருக்காது.

கூடப் போன படகுகள் திரும்பிவிட்டன. அவர்களுடையது மட்டும் இன்னும் வரவில்லை.

உனக்கு உடனே ரயிலேறத் தோன்றும். ஏறாதே அண்ணா. இந்த நேரத்தில் நீ வந்து இறங்கினால், அப்பாவுக்குக் காரியம் செய்யத்தான் வந்திருக்கிறாய் என்று படகுத்துறையே பேசும். அம்மா அதைக் கேட்டால் தாங்கமாட்டாள்.

ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஞாயிற்றுக்கிழமை போன் செய். அப்பாவிடம் கொடு என்று கேள். "கேனிங் போயிருக்காருடா, வந்துருவாரு" என்று அம்மா சொல்லட்டும். அந்த ‘வந்துருவாரு’வை அவள் வாயால் சொல்லி நான் கேட்க வேண்டும்.

காட்டைக் காக்கும் தாய் போன்பீபி நம் எல்லோருக்கும் துணை இருக்கட்டும்.

உன் தங்கை,
ஷெஃபாலி