கமலாத்தாள் கடையில் தொங்கவிட்ட ஃபாரம்

கொழிஞ்சாம்பாறை
11-8-1978

அன்பு மகன் அர்த்தநாரிக்கு அப்பா மாரப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடு கன்று எல்லோரும் சுகம். பம்பாயில் உன் சுகத்தைக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்பது கடிதத்தின் பாதியில் உனக்கே தெரிந்துவிடும், இருந்தாலும் பெற்றவன் கேட்காமல் இருக்க முடியாது, கேட்கிறேன். இந்த வருசம் கடலைக்கு மழை போதும் போதும் என்று பெய்திருக்கிறது. உன் தங்கை மயிலாத்தாளுக்கு இது ஏழாம் மாசம், அடுத்த வாரம் போய் அழைத்து வர வேண்டும். செவலை மாடு கிடாரிக் கன்று போட்டது. இப்படியே இன்னும் ஒரு பக்கம் எழுதி விசயத்தைத் தள்ளிப்போடலாம் என்று எனக்கு ஆசைதான், ஆனால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ‘அதைய எழுதிட்டீங்களா, அதைய எழுதிட்டீங்களா’ என்று கேட்டபடியே இருக்கிறாள்.

நேற்றுக் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். ‘ரத்தினசாமி குற்றமற்றவன், கடிதம் வருகிறது’ என்று மட்டும் கொடுத்தேன். காரணத்தையும் சேர்த்திருக்கலாம், தந்தி குமாஸ்தா படிப்பாரே என்ற கூச்சத்தில் விட்டுவிட்டேன். உன் பேரில், உன் பிறந்த தேதியில், அப்பன் பேர் மாரப்பன் என்றே போட்டு, இடது முழங்கைக்குக் கீழே இருக்கிற உன் மச்சத்தையும் சேர்த்து எவனோ முன்பே பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு போய்விட்டான், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து நகல் எடுத்திருக்கிறான், அதனால் உன் மனுவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் புத்தகம் பெட்டிக்குள் இருக்கிறது, சாவி இருக்கும் இடம் உன்னோடு தங்கியிருக்கும் ரத்தினசாமிக்கு மட்டும்தான் தெரியும், ஆகவே அவன் பேரை நீ போலீசில் சொல்லிவிட்டாய், பதினெட்டாம் தேதி அவனுக்கு விசாரணை, அவன் அறையை விட்டுப் போய்விட்டான் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பையன் உன் பெட்டியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை கண்ணு. அதற்குள் இருக்கிறதையெல்லாம் உன் அப்பனே இரண்டு வருசமாகக் கமலாத்தாள் டீக்கடைச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன்.

நம் பக்கத்து ஜனங்களுக்குத் தமிழெழுத்துத்தான் தெரியும், கேரளச் சர்க்கார் ஃபாரமோ மலையாளம். எட்டாவது வரைக்கும் போய் இரண்டு எழுத்தும் கற்றுக்கொண்ட மேதை நான் ஒருவன் என்பதால் வேலைவாய்ப்பு ஆபீசில் பதிகிற பையன்கள் எல்லாம் என்னிடம்தான் வருவார்கள். எழுதிக் கொடுத்துக் கை ஓய்ந்து, ஒரு ஃபாரத்தை மாதிரிக்கு நிரப்பி ஆணியில் மாட்டிவிட்டால் அவரவர் பார்த்து எழுதிக்கொள்வார்கள் என்று யோசித்தேன். ஒரு பொய்ப்பேரைப் போட்டிருக்கலாம். பத்தாவது பாஸான மகன் இருக்கும்போது பொய்ப்பேர் எதற்கு என்று, உன் பேர், தேதி, நோட்டில் குறித்து வைத்திருந்த உன் புத்தக நம்பர், மச்சம், புருவத்துத் தழும்பு எல்லாவற்றையும் என் நல்ல கையெழுத்தில் போட்டேன். மலையாள எழுத்துத் தெரியாத பையன்கள் எதை மாற்றுவது எதை விடுவது என்று தெரியாமல் மச்சத்தையும் சேர்த்து வரைந்து கொடுத்தார்கள். அந்த ஆபீசில் இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் மச்சமா என்று கேட்டார். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும், நான் அதைச் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். கமலாத்தாள் மட்டும் ‘ஏனுங்க மாமா, பையன் சாதகத்தைக் கேட்டாப் பொட்டியில வெச்சுப் பூட்டிக்கறீங்க, இதைய மட்டும் போறவன் வாறவனுக்கெல்லாம் காட்டறீங்களே’ என்றாள். சாதகத்தில் கிரகம் இருக்கிறது, இதில் என்ன புள்ள இருக்கிறது என்று அவள் வாயை அடைத்தேன்.

போன தை மாசம் ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, தோல் பை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவன் என்று சொன்னான். சுவரில் இருந்த ஃபாரத்தைப் பார்த்து, மலையாளம் படிக்கத் தடுமாறுது என்றான், பக்கத்தில் நின்று வரிவரியாகப் படித்துச் சொன்னேன், அவன் எழுதிக்கொண்டான். ஃபாரத்தில் இல்லாத உன் அம்மா பேர், நீ படித்த பள்ளிக்கூடம், இப்போது இருக்கும் ஊர், அதையும் கேட்டான். ‘இப்படிப் பையனைப் பெத்ததுக்கு நீங்க குடுத்து வெச்சவருங்க’ என்று வேறு சொன்னான், அதற்கப்புறம் அவன் எதைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவன் ஊரும் தெரியாது பேரும் தெரியாது, பேர் இப்போது அர்த்தநாரிதானே. உன் கடிதம் வந்த அன்றைக்கே போய் ஃபாரத்தைக் கழற்றினேன், கமலாத்தாள் ஆணியையும் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். உன் அம்மாதான் ‘பையன் பேரு ஊரெல்லாம் பரவோணும்னு ஆசைப்பட்டீங்க, கடல் தாண்டியே பரவிருச்சு’ என்றாள்.

நேற்றுப் பாலக்காட்டுக்குப் போய் நடந்ததை முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரமாக எழுதி நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஊருக்கே பத்திரம் எழுதித் தருகிறவனுக்குத் தன் பத்திரம் எழுதக் கை வரவில்லை, வக்கீல் குமாஸ்தாதான் எழுதினார். அறியாமல் செய்துவிட்டேன் என்று போட்டிருந்தார். கமலாத்தாள் எச்சரித்தும் பெருமைக்காகச் செய்தேன் என்று திருத்தச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், நான் காலண்டரைப் பார்த்தேன். பத்திரம் இதோடு ரிஜிஸ்டரில் வருகிறது. போலீசுக்கும் பாஸ்போர்ட் ஆபீசுக்கும் காட்டு, கூப்பிட்டால் நான் ரயிலேறி வந்தும் சொல்கிறேன். உன் வெளிநாட்டு வேலை கைவிட்டுப் போனால் அதுவும் என் கணக்கில்தான். ஆனால் ஆபீசுக்குப் போகும் முன்னால் ரத்தினசாமி எங்கே இருந்தாலும் தேடிப் போய் இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடு. நீ வாயால் சொன்னால் அப்பனைக் கொஞ்சம் காப்பாற்றிச் சொல்வாய், வேண்டாம், அவனே படிக்கட்டும். பதினெட்டாம் தேதியை மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு. மாரியம்மன் உனக்குத் துணை, உன் அம்மாவின் ஆசியும் உண்டு.

ரத்தினசாமித் தம்பிக்கு, மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போன உன்னைத் திருடன் வரிசையில் நிற்க வைத்தது அர்த்தநாரி இல்லை, என் வாய்தான். வயசில் சின்னவனிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். திட்டி எழுதினாலும் சரி தம்பி, ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
வாயடக்கம் இல்லாத அப்பா,
ஆ. மாரப்பன்