பிள்ளைகள் நடக்கும் பக்கம்

அக்கா,

உங்கள் கஜனின் பழைய பள்ளிக்கூடப் பையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். நீல நிறம், சதுரம், நான்கு மூலையும் விறைப்பு. மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக்கும் பென்சில் சீவலும் கலந்த அதே மணம். என் மகள் ஆரணி ஆறு வருடங்களாகத் தோடம்பழத் தோலை இதற்குள் மறந்து மறந்து வைத்ததில் அந்த மணமும் சேர்ந்துவிட்டது. கோடை விடுமுறைக்கு லக்சம்பேர்க்கிலிருந்து வந்து, லண்டன் ரெய்னர்ஸ் லேனில் தங்கை வீட்டுக் குசினி மேசையில் இருக்கிறேன். பின்னேரம் கஜன் வருகிறான், இந்தப் பையை வாங்கிக்கொண்டு போக. ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீங்கள் கதையின் முடிவை முதலில் கேட்கிற ஆள். இந்த முறை கொஞ்சம் பொறுங்கள்.

இந்தப் பையை நான் முதன்முதல் கண்டது கவுன்சில் அலுவலகத்தில், பள்ளிக்கூட அனுமதிப் பிரிவின் கண்ணாடிக்கு அப்பால். எனக்கு வேலை கிடைத்து நான்கு மாதம். நீங்கள் டென்மார்க்கிலிருந்து வந்து இரண்டு கிழமை. ஒன்பது வயதுக் கஜன் பையைத் தரையில் வைத்தான். அது சாயாமல் நின்றது. நீங்கள் குனிந்து, கண்ணாடித் துளைக்குள்ளால் கேட்டீர்கள்:

"தங்கச்சி, தமிழோ?"

"ஓம்."

"அப்ப நல்லதாப் போச்சு. இவனுக்கு இங்கிலீஸ் வராது. ஆனா கணக்கு ஓடும். டெனிஷ் புத்தகமெண்டா ஒரே மூச்சிலை வாசிப்பான். அதை எழுதிறதுக்கு இந்தப் ஃபோமிலை ஒரு பெட்டி இருக்கோ?"

அப்படி ஒரு பெட்டி இருக்கவில்லை. கிட்டவிருந்த பள்ளிக்கூடத்தில் இடமும் இருக்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போகும் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனை நான்தான் பதிந்தேன். அடுத்த கிழமை நீங்கள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து நின்றீர்கள். சனத்திடம் எதுவும் வாங்கக்கூடாது, கவுன்சில் விதி என்றேன். "விதியைக் கொஞ்சம் அங்காலை தள்ளி வைச்சிட்டுச் சாப்பிடு, ஆறுது" என்றீர்கள். நம் சிநேகம் அந்தச் சொதியில் தொடங்கியது.

கஜனின் முதல் நாளைப் பற்றி நீங்கள் சொன்னது பிறகுதான். டென்மார்க்கில் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை இல்லை. அதனால் நீங்கள் அவனுக்குப் புதுச் சிவப்புச் சுவெட்டரைப் போட்டு, இந்தப் பையைக் கொழுவி விட்டீர்கள். பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் தவறவிட்ட உடுப்புகள் போடும் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார்களாம். முதுகில் ஃபிரிட்ஜைச் சுமந்து வந்திருக்கிறான் என்று வகுப்பு சிரித்ததாம். அன்றே பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். நீங்கள் எடுத்துத் துடைத்து, பரணில் வைத்தீர்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் இவருக்கு லக்சம்பேர்க்கில் வேலை கிடைத்தது. ஆரணிக்கு ஆறு வயது. கவுன்சிலில் பதினைந்து வருடம் மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்துக் கொடுத்த எனக்கு, என் பிள்ளைக்கு எதுவென்று தெரியவில்லை. அவளைத் தங்கையோடு லண்டனில் விட்டுப் போகலாம். கூட்டிக்கொண்டு போனால், கம்பனி கட்டணம் கட்டும், அங்குள்ள ஆங்கிலத் தனியார் பள்ளிக்கூடத்தில் போடலாம். ஆங்கிலப் பிரிவுள்ள அரசுப் பள்ளிக்கூடமும் உண்டு, இலவசம், ஆனால் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குக் கிட்டவுள்ள ஊர்ப் பள்ளிக்கூடம். அங்கே பேசுவது லக்சம்பேர்க் மொழி, எழுத்துக் கூட்டுவது ஜெர்மனில், அடுத்த வருடம் பிரெஞ்சும் வந்து சேரும்.

கோயிலில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "ஊருலகமெல்லாம் இங்கிலீசுக்காக இஞ்சை வருது, நீ பிள்ளையை இழுத்துக்கொண்டு அங்கை ஓடுறாய்" என்றார் ஒரு மாமி. "மூண்டு பாஷையையும் குழைச்சு ஒண்டும் தெரியாமல் நிக்கப் போகுது" என்றார் இன்னொருவர்.

நான் வழக்கம்போல அட்டவணை போட்டேன். தூரம், மொழி, வகுப்பின் அளவு, பின்னாளில் எந்தப் பல்கலைக்கழகம் என்று நிரல் நிரலாக. வெம்பிளித் தேநீர்க்கடையில் அதை உங்கள் முன் விரித்தேன். ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தீர்கள். பிறகு தாளைத் திருப்பி, அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தீர்கள்.

"அங்கை போய், காலமை ஏழே முக்காலுக்கு உன்ரை வீட்டு வாசல்லை நிண்டு பார். பிள்ளையள் எந்தப் பக்கம் நடக்கினமோ, அந்தப் பக்கம் உன்ரை பிள்ளையையும் விடு."

எனக்குக் கோபம் வந்தது. "நீங்கள்தானே அக்கா இங்கிலீசுக்காகக் கடல் கடந்து வந்தனீங்கள்?"

"ஓம். அதாலைதான் சொல்லுறன். நல்ல பள்ளிக்கூடம் எங்கை எண்டு பாத்தன். இவன் ஆரோடை நடந்து போவான் எண்டு பாக்கேல்லை."

அந்த இரண்டு பஸ்ஸையும் நினைத்துக்கொண்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டீர்கள். "சீச்சீ, உன்னை ஆர் சொன்னது? நீ இருந்ததைத் தந்தாய். டென்மார்க்கிலை எங்கடை வரிசையிலை கிழமைக்கொரு வீடு லண்டனுக்கு வெளிக்கிட்டுது. எல்லாரும் போகினம் எண்டு நானும் வெளிக்கிட்டன். ஒருக்கா டெனிஷிலை, ஒருக்கா இங்கிலீசிலை எண்டு தன்னை ரெண்டு தரம் முதலாம் வகுப்பிலை இருத்தினனாம் எண்டு கஜன் இப்பவும் சொல்லிக்காட்டுவான்." அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அன்று தேநீரை முடிக்கவில்லை. அடுத்த கிழமை பரணிலிருந்து பையை இறக்கித் தந்தீர்கள். "அங்கை இதுக்கு மரியாதை இருக்கும்."

ஏழே முக்காலுக்கு நின்று பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் இடப்பக்கம் நடந்தார்கள். எல்லோர் முதுகிலும் பெட்டிப் பை.

முதல் நாள் ஆரணிக்கு வெள்ளைச் சட்டை, சாம்பல் பாவாடை, பளபளவென்று சப்பாத்து எல்லாம் மாட்டி அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை, கை தன்பாட்டில் இஸ்திரி போட்டது. அன்று வகுப்பு முழுக்கக் காட்டுக்குப் போகும் நாளாம். மற்றவர்கள் மழைக் காற்சட்டையும் ரப்பர் பூட்சும். என் பிள்ளை முழங்கால்வரை சேற்றோடு வந்தாள். போனில் சொன்னபோது, இருமல் வரும்வரை சிரித்தீர்கள். "நான் சீருடை இல்லாமல் விட்டன், நீ சீருடையோடை விட்டிருக்கிறாய். எடியே, ரெண்டு பேருக்கும் ஒரே மூளை!"

அந்த இருமல் சிரிப்பினால் மட்டும் வந்ததல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது.

மார்கழியில், நத்தாருக்கு முன், ஆசிரியை கூப்பிட்டார். ஆரணி வகுப்பில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தேவையென்றால் இந்தக் கட்டத்தில் இன்னொரு வருடம் இருக்கலாம், அது இங்கே சாதாரணம் என்றார். அவருக்குச் சாதாரணம். எனக்கோ, வகுப்பேற்றாமல் விட்ட பிள்ளை என்று கோயில் முழுக்கச் சொல்வது காதில் கேட்டது. அன்றே ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் விண்ணப்பத்தை நிரப்பினேன். தைமாதமே சேரலாம் என்றார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நீங்கள் அப்போது ஆஸ்பத்திரியில். உங்களுக்குத் தொல்லை தரக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போன் எடுத்தேன்.

"கஜன் ஒன்பது மாதம் வாய் திறக்கேல்லை" என்றீர்கள். குரல் மெலிந்திருந்தது. "பிள்ளை பழுதாப் போச்சு எண்டு ஒவ்வொரு பின்னேரமும் அவனோடை கத்தினன். பிறகுதான் விளங்கினது, அவன் அவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டு இருந்தவன். உன்ரை பிள்ளை வீட்டை வந்து அழுகிறாளோ?"

"இல்லை. விளையாட ஓடுறாள்."

"ஆரோடை?"

"முன்வீட்டுப் பிள்ளையளோடை."

"பிறகென்ன, விசரி? பேனையை வை."

பேனையை வைத்தேன்.

மாசியில் பனி கொட்டியது. நான் குசினியில் நிற்கிறேன். பின்னால் உள்ள சரிவில் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். முன்வீட்டுப் பையன் ஆரணியின் சறுக்குப் பலகையைப் பறித்துக்கொண்டு ஓடினான். அவள் இடுப்பில் கை வைத்தாள். பிறகு தொடங்கினாள் பாருங்கள் அக்கா, மூச்சு விடாமல், அந்த ஊர் மொழியில், ஒரு நிமிடத்துக்குக் குறையாது! எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற கிழவர் மண்வெட்டியில் சாய்ந்து சிரித்தார். பையன் பலகையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். மாக்கையோடு உங்களுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன ஏசினவள்?"

"தெரியேல்லை அக்கா!"

"கேட்டு எழுதி வை. எனக்கு வேணும்."

எழுதி வைத்தேன். பங்குனியில் வந்து உங்கள் கட்டிலருகே வாசித்தேன். பாதி உச்சரிப்புப் பிழை. "இன்னொருக்கா" என்றீர்கள். இன்னொரு தரம் வாசித்தேன். சித்திரையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

மிச்சத்தைக் கேளுங்கள். ஆரணி ஒரு வருடமும் திரும்ப இருக்கவில்லை. சென்ற மாதம், ஆரம்பப் பள்ளிக்கூடம் முடிந்து அடுத்தது எந்தப் பாதை என்று தீர்மானிக்கும் கூட்டம். பல்கலைக்கழகத்துக்கு நேரே போகும் பாதையைத்தான் அவளுக்குப் பரிந்துரைத்தார்கள். அதோடு, வகுப்பில் ஜெர்மன் கட்டுரை நன்றாக எழுதுவது அவள்தான் என்றார் ஆசிரியை. விளங்காதவள்போலத் திரும்பக் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் பாண்கடைக்காரியிடம்கூடச் சொன்னேன், என் உடைந்த பிரெஞ்சில். மாலையில் ஆரணி தன் ஜெர்மன் கட்டுரையை எனக்குத் தமிழில் சொல்லிக்காட்டினாள். ஒன்றும் குழையவில்லை அக்கா. கோயில் மாமிக்குத் தனியாகப் போன் எடுத்துச் சொன்னேன். அது சின்னத்தனம்தான். சுகமாக இருந்தது.

இந்த இடத்தில் வாசல் மணி அடித்தது. இப்போது எட்டு மணி, வெளிச்சம் இன்னும் போகவில்லை. கஜன் மகளோடு வந்து போய்விட்டான்.

அவனுக்கு டென்மார்க்கில் வேலை, அக்கா. நீங்கள் விட்டுவந்த அதே ஊர். ஆவணியில் போகிறார்கள். மகள் மீராவுக்கு ஆறு வயது. "இன்டர்நேஷனல் ஸ்கூல் ஒண்டும் இருக்கு அன்ரி. மனுசி அதைத்தான் கேக்கிறா. எனக்கு ஒரு முடிவும் எடுக்கேலாமல் கிடக்கு. அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா?"

ஏழே முக்கால் கதையைச் சொன்னேன். தேநீர்க்கடையையும் சொன்னேன், நீங்கள் கோப்பையை முடிக்காததையும். அவன் பையை எடுத்துத் தரையில் வைத்தான். அது சாயாமல் நின்றது.

"அந்த ரோட்டு எனக்குத் தெரியும்" என்றான். "பிள்ளையள் பேக்கரிப் பக்கம்தான் நடக்கிறவை. நானும் அப்பிடித்தான் நடந்தனான்."

மீரா பையைக் கொழுவிக்கொண்டாள். பின்னாலிருந்து பார்த்தால் நீலப் பெட்டியும் இரண்டு கால்களும் மட்டும். "டாடி, இட்ஸ் லைக் எ ஃபிரிட்ஜ்!" என்று கத்தினாள், பெருமையாக. கஜன் சிரித்தான். அப்படி அவன் சிரித்து நான் கண்டதில்லை.

பை என்னிடம் இல்லை இப்போது. வேறு குடும்பங்கள் என்னைக் கூப்பிட்டு, சின்ன நாட்டுக்குப் போகிறோம், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கிறார்கள். அட்டவணை இன்னும் போட்டுக் கொடுக்கிறேன், பழக்கம் விடாது. கொடுத்துவிட்டு, உங்கள் ஏழே முக்காலையும் சொல்கிறேன். அதுதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது, எங்கே போனாலும் கூட வருகிறது.

இன்று பின்னேரம் தங்கை வீட்டு வாசலில் நின்று, அந்த நீலப் பெட்டி துள்ளித் துள்ளி ஸ்டேஷன் பக்கம் போய்த் திரும்பும்வரை பார்த்தேன். உங்கள் பேத்தி எந்தப் பக்கம் நடக்கிறாள் என்று உங்களுக்குச் சொல்ல ஆள் வேண்டுமே.