சும்மா பாத்தி

மார்ச் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் போடுகிறாய், அதிலும் பாதி உங்கள் ஊர்க் குளிரைப் பற்றி. போனில் பேசலாமே என்று வேறு கேட்டிருக்கிறாய். வேண்டாம். போனில் நீ அழுவாய், நான் அதட்டுவேன், விஷயம் இருந்த இடத்திலேயே இருக்கும். எழுதும்போதுதான் நாம் இரண்டு பேரும் மனுஷர்களாகப் பேசிக்கொள்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் ரத்தக் கோளாறு பழைய மாத்திரைக்கு அடங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள், என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பழைய மாத்திரை எல்லாருக்கும் உண்டு. அதோடு வாரம் ஒரு முறை கை நரம்பில் ஒரு பாட்டில் ஏற்றுகிறார்கள். பாதிப் பேருடைய பாட்டிலில் புது மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, ஏற்றுகிற நர்ஸுக்கும் தெரியாது, தாடி டாக்டருக்கும் தெரியாது.

இதை எனக்குப் புரியவைக்க டாக்டர் அரை மணி நேரம் பாடுபட்டார். பாவம், நான் யார் என்று அவருக்குத் தெரியாது. மக்காச்சோளத்தில் துரு நோய்க்கு மருந்து தேடி இத்தனை வருஷமாக நானும் இதைத்தானே செய்கிறேன்? ஒரு பாத்திக்கு மருந்து, பக்கத்துப் பாத்திக்கு வெறும் தண்ணீர். எங்கள் ஆட்கள் அதைச் சும்மா பாத்தி என்பார்கள். அது இல்லாவிட்டால் பயிரைக் காப்பாற்றியது மருந்தா மழையா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

தொப்பிக்காரரை ஞாபகம் இருக்கிறதா, எங்கள் வயலில் மருந்து அடிக்கிறவர்? ஒரு வருஷம் சும்மா பாத்தி துருப் பிடித்துக் கருகுவதைப் பார்க்கச் சகிக்காமல், மீந்த மருந்தை அதற்கும் அடித்துவிட்டார். கேட்டதற்கு, "பாவமா இருந்துச்சும்மா" என்றார். அந்த வருஷ உழைப்பு அத்தனையும் பாழ். நான் போட்ட சத்தத்தில், இன்றைக்கும் என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறார்.

ஜூனில் வருவதாக எழுதியிருக்கிறாய். வா. உன் கட்டில் மேல் விதைப் பெட்டிகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன, இறக்கி வைக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தைத் தொப்பிக்காரர் கதையோடு சேர்த்து எழுத உன்னால்தான் முடியும். அம்மா போன அன்றைக்கும், சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகுதானே என்னிடம் சொன்னாய்?

டாக்டர் கொடுத்த விளக்கத்தாளை நகல் எடுத்து அனுப்பு. ரத்தக் கணக்கு என்ன வருகிறது, உடம்பு எப்படி இருக்கிறது, ஒன்று விடாமல் எழுது. நான் டாக்டர் இல்லைதான். எண்களைப் பார்த்தால் கொஞ்சம் தைரியம் வரும்.

இங்கே என் கணக்கு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. ஒன்றுமே இல்லாத இடத்தில், காற்றுகூட இல்லாத வெற்றிடத்தில், எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆறு வருஷமாக இதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகஸ்டுக்குள் விடை வந்தால் வேலையை நிரந்தரம் ஆக்குவார்கள். வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என்ன ஆனாலும் ஜூனில் வருகிறேன்.

உன் சின்னவள்

ஏப்ரல் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

விளக்கத்தாள் இதோடு இருக்கிறது. ரத்த எண்களைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் ஏறியிருக்கிறது, கண் போட்டுவிடாதே.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. விரல் நுனி மரத்துப் போகிறது, பேனா நழுவுகிறது. வாயில் ஒரு கண்ராவி ருசி, பழைய செப்புக் காசை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்ட மாதிரி. என் சமையலுக்கு இது எவ்வளவோ தேவலை என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்கிறாள். அவளும் சோதனையில் இருக்கிறாள். நல்ல வாய் அவளுக்கு.

விதைப்பு நேரம், தலைக்கு மேல் வேலை. பாட்டில் ஏற்றுகிற நாள் தவிர மற்ற நாளெல்லாம் விதை அறையில்தான் இருக்கிறேன். ஒன்றுமில்லாததைப் பற்றி ஆறு வருஷம் யோசிக்க ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ஆட்களிடம் சொன்னேன். அந்த வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று தொப்பிக்காரர் கேட்கிறார்.

உன் அக்கா

மே 2

அக்கா, என் செல்ல அக்கா,

உனக்கு மருந்துதான் போகிறது!

விளக்கத்தாளில் நாலாவது பக்கத்தைப் பார். புது மருந்து ஏறுகிறவர்களுக்கு வாயில் உலோக ருசி வரலாம், விரல் மரத்துப் போகலாம். உனக்கு இரண்டும் வந்திருக்கிறது, ரத்த எண்ணும் ஏறியிருக்கிறது. உப்புத் தண்ணீர் ஏறுகிற ஒருத்திக்கு இந்த மூன்றும் சேர்ந்து வர எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என்னுடைய சொந்த வேலைக்குக்கூட இத்தனை தரம் சரிபார்த்ததில்லை. பத்துக்கு ஒன்பது உன் பாட்டிலில் மருந்து. ஒன்பதுக்கும் மேலேயே வருகிறது, ஜாக்கிரதையாகக் குறைத்துச் சொல்கிறேன்.

நேற்று ராத்திரிதான் பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாடினேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

உன் சின்னவள்

மே 20

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பக்கத்துக் கட்டில்காரிக்கும் படித்துக் காட்டினேன். தனக்கும் ஒரு கணக்குப் போட்டுத் தரச் சொல்கிறாள். அவளுக்கு வாயில் வேறு ருசியே தெரியவில்லையாம், தண்ணீர்கூட ஆணியை நக்கின மாதிரி இருக்கிறதாம்.

உன் கணக்கு எப்போது தப்பியிருக்கிறது? பள்ளிக்கூடத்தில் டீச்சர் போட்ட கணக்கையே திருத்திவிட்டு வெளியே முட்டி போட்டவள்தானே நீ.

நான் நன்றாக இருக்கிறேன். படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அதனால் விதை அறைக்குப் போவதை விட்டுவிட்டேன். ஆட்களே பார்த்துக்கொள்கிறார்கள். பெட்டிகளை இறக்கிவிட்டேன், உன் கட்டில் காலியாக இருக்கிறது.

உன் அக்கா

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டக் கூடாது. ஜூனில் வர முடியாது போலிருக்கிறது. கணக்கில் ஒரு இடத்தில் முடிவிலி வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. இப்போது விட்டுவிட்டு வந்தால் நூல் அறுந்துவிடும். உனக்கு மருந்து ஏறுகிறது என்று தெரிந்திருக்காவிட்டால், எது எக்கேடு கெட்டாலும் போகட்டும் என்று கிளம்பியிருப்பேன். இப்போது அந்தப் பயம் இல்லை. செப்டம்பரில் ஒரு மாதம் முழுசாக வந்து உன் உயிரை வாங்குகிறேன்.

நீ ஒரு வார்த்தை வா என்று சொன்னால் உடனே வந்துவிடுவேன். சொல்வாயா?

உன் சின்னவள்

ஜூன் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

வேலையை முடித்துக்கொண்டு வா. கட்டில் எங்கேயும் ஓடிவிடாது.

உன் அக்கா

ஆகஸ்ட் 3

அக்கா,

வந்துவிட்டது! முடிவிலி போய்விட்டது. கடைசியில் ஒரு சின்ன எண், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம் போல. துறைத் தலைவர் பலகையில் இருந்ததை வரி வரியாகச் சரிபார்த்துவிட்டுக் கை கொடுத்தார். வேலை நிரந்தரம். ஒன்றுமில்லாத இடத்தில்கூட ஒன்று இருக்கிறது, அக்கா. இதை முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

செப்டம்பர் ஐந்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஏன் ஜூலை முழுக்க ஒரு வரிகூடப் போடவில்லை? கோபமா?

உன் சின்னவள்

ஆகஸ்ட் 11

என் சின்னக்குட்டிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. உன் எண்ணைப் பற்றி டாக்டரிடம், நர்ஸிடம், தரை துடைக்கிற அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். யாருக்கும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. சந்தோஷப்பட அது ஒரு தடையா என்ன?

இனி என் விஷயம். சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்கிறதாம், இதற்கு மேல் யாருக்கும் வெறும் தண்ணீர் ஏற்றுவது பாவம் என்று முடிவு செய்து, யாருக்கு எது போனது என்று திறந்து பார்த்திருக்கிறார்கள். தாடி டாக்டர் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததிலேயே தெரிந்துவிட்டது.

"ஒங்களுக்குப் போனது உப்புத் தண்ணிம்மா" என்றார்.

தெரியும் என்றேன். மே மாதமே தெரியும், குட்டி. அந்தச் செப்பு ருசி மருந்தால் வந்தது இல்லை. காய்ந்துவிட்டதா என்று பார்க்க நான் மக்காச்சோள மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பேனே, அந்தப் புத்திதான். சத்தம் வந்தால் காய்ந்தது, அமுங்கினால் ஈரம். இந்த வருஷம் விதைக்குப் பூசணம் வராமல் இருக்கச் செப்புப் பொடி தடவி வைத்திருந்தோம். அது தெரிந்தும், கைப் பழக்கத்தில் நாள் முழுக்கக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். விதை அறைக்குப் போவதை நிறுத்திய வாரமே ருசியும் நின்றுவிட்டது. விரல் மரத்தது பழைய மாத்திரையால். ரத்தம் கொஞ்ச நாள் ஏறியது, பிறகு சரசரவென்று இறங்கியது. அந்த எண்களை உனக்கு எழுதவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கத்துவாய். நீ ஜன்னலைத் திறந்து பாடினேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு எப்படி மனசு வரும்? அது மட்டும் இல்லை. உன் கணக்கை நானும் நம்பிப் பார்த்தேன். பத்தில் ஒன்பது என்று நீ எழுதிய வரியை ராத்திரியில் எடுத்துப் படிப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டே படிப்பேன்.

டாக்டரிடம் கெஞ்சியிருக்கலாம், மருந்துப் பக்கம் மாற்றுங்கள் என்று. இரண்டு தரம் வாய்வரைக்கும் வந்தது. எந்த முகத்தோடு கேட்பேன்? தொப்பிக்காரர் அன்றைக்கு அழுகிற நிலையில் நின்றார், நான் விட்டேனா? சும்மா பாத்தி இல்லாமல் ஒன்றும் தெரியாது என்று ஊரெல்லாம் பேசியவள் நான். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் குட்டி, ரொம்பக் கசக்கிறது. பக்கத்துக் கட்டில்காரிக்கு மருந்து போயிருக்கிறது. அவள் வீட்டுக்குப் போகிறாள். போகும்போது என் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் கட்டிப் பிடித்து அனுப்பிவைத்தேன். அவள் போன பிறகு பொறாமையில் அழுதேன்.

எனக்கு இப்போது அந்த மருந்தை ஏற்ற உடம்பில் தெம்பு இல்லையாம். கேட்டுப் பார்த்துவிட்டேன், இந்தத் தடவை வெட்கப்படாமல் கேட்டேன்.

உன்னை நான் இதுவரை ஒரு தடவையும் வா என்று கூப்பிட்டதில்லை. முடித்துவிட்டு வா என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது கூப்பிடுகிறேன். செப்டம்பர் வேண்டாம். வா, கண்ணே. உடனே வா.

உன் அக்கா

ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே கிளம்பினேன். அது என்னிடம் வந்து சேரவே பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது. ஒரே ஒரு போன், அக்கா. நான் அழுதிருப்பேன், நீ அதட்டியிருப்பாய், அவ்வளவுதானே? யாரிடமாவது சொல்லிச் செய்திருக்கக் கூடாதா? நர்ஸ் எத்தனையோ தரம் கேட்டாளாம். எழுதியிருக்கிறேன், வந்துவிடுவாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாயாம்.

நான் வாசலில் இறங்கியபோது, முந்தின நாளே எல்லாம் முடிந்திருந்தது.

உன் மேல் எனக்கு வந்திருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. என் மேல் வந்திருப்பதை அதைவிட. நீ அனுப்பிய நாலு எண்ணையும் ஒரு ருசியையும் வைத்துக்கொண்டு, நேரில் வந்து ஒரு தரம் முகத்தைப் பார்க்காமல், நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதம் உன் தலையணைக்கு அடியில் இருந்தது என்று நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள். வாங்கக் கை வரவில்லை.

தாடி டாக்டர் என்னிடம் பேச வந்தார். உன்னைப் போன்றவர்கள் இருந்ததால்தான் மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்ததாம், இனி எத்தனையோ பேர் பிழைப்பார்களாம். எல்லாம் உண்மைதான். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இன்றைக்குக் காலையில் உன் வயலுக்குப் போனேன். தொப்பிக்காரர் என்னைப் பார்த்ததுமே தொப்பியைக் கழற்றிவிட்டார். மருந்து அடித்த பாத்தியெல்லாம் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. சும்மா பாத்தி முழுக்கத் துரு, தொட்டால் கையெல்லாம் செம்பொடி ஒட்டுகிறது. போன மாதம் உன்னை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாராம். "வேற எங்கயும் போகலைம்மா. இந்தப் பாத்திகிட்டயே ஒக்காந்துட்டிருந்தாங்க" என்றார். இந்த வருஷம் அதற்கு அவர் சொட்டு மருந்துகூட அடிக்கவில்லை, சத்தியம் செய்து என்னிடம் சொன்னார். உன்னிடம் சொல்லச் சொல்லி.

வீட்டில் என் கட்டில் காலியாக இருக்கிறது. விரிப்பு மாற்றி, போர்வை மடித்து வைத்திருக்கிறாய்.

மத்தியானம் விதை அறையைத் திறக்கச் சொன்னேன். உன் நாற்காலி, உன் மூக்குக்கண்ணாடி, பாதி நிரம்பிய பெட்டிகள். ஒரு மணியை எடுத்து உன்னை மாதிரியே பல்லில் வைத்துக் கடித்தேன். படீர் என்று சத்தம் வந்தது, நன்றாகக் காய்ந்திருக்கிறது. நாக்கு முழுக்கச் செம்பு. நீ எழுதியிருந்தது அப்படியே.

ஜூனில் வந்திருந்தால் உன்னைக் கைத்தாங்கலாக இந்த அறைக்குக் கூட்டி வந்திருப்பேன். என்னடி கடித்துப் பார் என்று ஒன்றை என் கையிலும் கொடுத்திருப்பாய். ஒரு மணியில் தெரிந்திருக்கும், கணக்கே வேண்டியிருந்திருக்காது.

நாலைந்து தரம் வாய் கொப்பளித்துவிட்டேன். இன்னும் போகவில்லை, அக்கா.

உன் சின்னவள்