மூலையில் மறைந்த பெயர்

திங்கட்கிழமை.

நான் டிசைன் வேலை பார்க்கும் வில்லியனூர் அச்சகத்துக்கு இன்று ஒரு பெண் வந்து, நாங்கள் அடித்துக் கொடுத்த அவள் அப்பாவின் கருமாதிப் பத்திரிகையை நீட்டினாள். பிள்ளைகளின் பெயர் போட்ட அட்டவணையில் கடைக்குட்டியான அவள் பெயர் மட்டும் இல்லை.

“அண்ணனுங்க எடுக்கச் சொன்னாங்களாக்கா? நான் ஓடிப்போயி கட்டிக்கினேன்னு இன்னும் கோவம்.”

அவர்கள் சொல்லவில்லை. அழகாக இருக்கட்டும் என்று நான்தான் அட்டவணையை மூலை வளைந்த அலங்காரச் சட்டத்துக்குள் ஒட்டினேன். கடைசிக் கட்டம் வளைவில் மறைந்துபோனது. சரிபார்க்கவும் இல்லை. கம்ப்யூட்டரில் சட்டத்தை நகர்த்திக் காட்டினேன். அவள் பெயர் அடியில் அப்படியே இருந்தது.

“என் தப்பும்மா,” என்றேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நேத்து அப்பா காரியத்துக்கே நான் போவலக்கா.”

பத்திரிகை அடிக்கக் கொடுத்த அவள் பெரிய அண்ணனிடம் நானே சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவைத்தேன். அவர் நம்பர் என் போனில்தான் இருக்கிறது. இதுவரை கூப்பிடவில்லை.