என் பெயர் எழுதிய வில்

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் கைகளை முத்தமிட்டு இஸ்தான்புல்லிலிருந்து குல்சரென் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். தாடையில் மட்டும் சின்னதாகத் தையல் போட்டிருக்கிறது. போனில் சொன்னால் அழுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எருமைக் கொம்பும் மாட்டுத் தசைநாரும் ஒட்டி, ஒரு வருடமாக நான் செய்த வில்லை வாங்க, ஞாயிறன்று வில்வித்தை மைதானத்துக்கு ஹிக்மத் ஐயா வந்தார். பெரிய வில்லாளி. வில்லில் என் பெயரைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார்.

"பொம்பள ஒட்டின வில்லா? நாண் ஏத்துறதுக்குள்ள பிரிஞ்சிடும்."

பட்டறை முதலாளி வெய்சல் என் காதருகே, "பேரைச் சுரண்டிடும்மா. நான் செஞ்சதுன்னு சொல்லிக்கிறேன்," என்றார்.

"மாட்டேண்ணே," என்று நானே நாண் ஏற்ற உட்கார்ந்தேன். கோபத்தில் கை வழுக்கி, வில் திரும்பித் தாடையில் அடித்தது.

"பாத்தியா!" என்று சிரித்தார் ஹிக்மத் ஐயா.

ரத்தத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றி எய்தேன். காலையில் அவர் எய்த அம்பையும் தாண்டிப் போய் விழுந்தது என் அம்பு. உடனே அவர் குரல் மாறியது.

"சரி, எடுத்துக்கிறேன். பேரை மட்டும் அழிச்சுக் குடு."

"பேரோட வேணும்னா எடுங்க. இல்லேன்னா தள்ளி நில்லுங்க, நான் இன்னும் எய்யணும்."

வாங்காமலே போய்விட்டார். விற்பனை கெட்ட கோபத்தில் முதலாளி இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், அடுத்த வில்லுக்குக் கொம்பைத் தேய்க்கத் தொடங்கிவிட்டேன்.

தர்ஹானா சூப்புப் பொடி அனுப்புங்கள். கொஞ்சம் போதும், ஒருத்திக்கு மட்டும் சமைக்க இன்னும் வரவில்லை, தினமும் மீந்துவிடுகிறது. கம்பளிக் காலுறை கடையில் வாங்காமல் நீங்களே பின்னியதாக இருக்கட்டும்.

அடுப்பில் வில் ஒட்டும் மீன்பசை இருக்கிறது, தீய்ந்துவிடும், முடிக்கிறேன். என்னைக் கூட்டிப்போக அண்ணனை அனுப்பாதீர்கள். வந்தால் வயிறாரச் சாப்பாடு போட்டு, தனியாகத்தான் திருப்பி அனுப்புவேன்.

உங்கள் மகள்
குல்சரென்